எச்சரிக்கையை அணைக்காதீர்கள், படியுங்கள்

கணினியைக் கடையில் முழுதாக வாங்காமல், வீட்டிலேயே பாகம் பாகமாகப் பொருத்திப் பார்க்கும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையும் விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து ஈட்டிய சம்பளத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். ரோச்சோரில் உள்ள சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதிக்குச் சென்று, கடை கடையாக விலை கேட்டு வாங்கி வருகிறார்கள். தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி என ஒவ்வொன்றாகப் பொருத்துகிறார்கள். இறுதியில், விலை கூடிய பாகமான வரைகலை அட்டையைப் பொருத்திவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார்கள். விசிறிகள் சுழல்கின்றன. ஆனால், திரையில் விளையாட்டு வரவில்லை. ஒரு வாசகம் வருகிறது. கணினியை நிறுத்திவிட்டு, இந்த வரைகலை அட்டைக்கான மின்கம்பிகளை இணைக்கவும் என்பது அதன் பொருள். சில அட்டைகள் வாசகம் எதையும் காட்டுவதில்லை. மின்கம்பி செருகும் இடத்தின் அருகே ஒரு சிறிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும்.

இந்த நேரத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். எச்சரிக்கையை எப்படியாவது மறையச் செய்யப் பார்க்கிறோம். அல்லது, ஏதோ ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றை வாங்கக் கிளம்புகிறோம். இரண்டுமே சரியான வழியன்று என்பது என் கருத்து. எச்சரிக்கை ஒரு தகவல். அதை முழுமையாகப் படிக்க வேண்டும். அது என்ன சொல்கிறது என்பதோடு, என்ன சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதை விளக்க, மின்சாரம் அந்த அட்டைக்கு எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மின்வழங்கி வாங்கிக்கொள்கிறது. நாம் பேச்சுவழக்கில் ‘பவர் சப்ளை’ என்று சொல்வது இதைத்தான். அது அந்த மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எனக் குறைத்து மற்றப் பாகங்களுக்குக் கொடுக்கிறது. வரைகலை அட்டை, தாய்ப்பலகையில் உள்ள ஒரு நீண்ட பள்ளத்தில் பொருந்தி நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் வழியாக அதற்கு அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் கிடைக்கும். சிறிய அட்டைகளுக்கு அதுவே போதும். பெரிய அட்டைகளுக்குப் போதாது. ஆகவே, அவற்றுக்கு மின்வழங்கியிலிருந்து நேராகத் தனிக் கம்பிகள் போக வேண்டும். ஆறு ஊசிகள் கொண்ட செருகி 75 வாட் தரும். எட்டு ஊசிகள் கொண்ட செருகி 150 வாட் தரும்.

இங்குதான் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. ஆறுக்கும் எட்டுக்கும் இடையே இரண்டு ஊசிகள்தாம் வேறுபாடு. மின்சாரமோ இரண்டு மடங்கு. அப்படியானால், கூடுதல் மின்சாரம் அந்த இரண்டு ஊசிகள் வழியாகத்தான் வருகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. அவை கூடுதலாக 12 வோல்ட் எதையும் கொண்டுவருவதில்லை. இரண்டுமே தரையிணைப்போடு சேர்ந்த கம்பிகள். அவற்றுள் ஒன்றின் வேலை, தகவல் சொல்வது. ‘எட்டு ஊசிச் செருகி வந்திருக்கிறதா?’ என்று அட்டை கேட்கிறது. கம்பி சரியாகப் பொருந்தியிருந்தால் ‘ஆம்’ என்ற பதில் கிடைக்கிறது. பொருந்தாவிட்டால் பதிலே இல்லை. பதில் வராதபோதுதான் அட்டை சிவப்பு விளக்கை ஏற்றுகிறது, அல்லது திரையில் அந்த வாசகத்தைக் காட்டுகிறது.

ஆக, அந்த எச்சரிக்கைக்கு ‘எனக்குரிய கம்பி இணைக்கப்பட்டதாகத் தெரியவில்லை’ என்பதே பொருள். மின்வழங்கியின் திறன் போதாது என்று அது சொல்லவில்லை. அட்டை கெட்டுவிட்டது என்றும் சொல்லவில்லை. அவை பதற்றத்தில் நாமே சேர்த்துக்கொள்ளும் பொருள்கள். சில அட்டைகளில் விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஒரு பொருள், விட்டுவிட்டு எரிந்தால் வேறொரு பொருள். கம்பி இணைக்கப்படவில்லை என்பது முன்னது; வரும் மின்சாரம் சீராக இல்லை என்பது பின்னது. இது அட்டையோடு வரும் கையேட்டில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியைத் திறந்ததும் நாம் முதலில் ஓரமாக ஒதுக்கிவைப்பது அந்தக் கையேட்டைத்தான்!

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகன் சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் இப்படியொரு கணினியைப் பொருத்தினான். அவனுடைய அட்டைக்கு 220 வாட் தேவை. அதில் எட்டு ஊசிச் செருகிகள் இரண்டைச் செருக வேண்டும். மின்வழங்கி 650 வாட் திறன் கொண்டது. கணினியை இயக்கியவுடன் திரையில் எச்சரிக்கை வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டபோது, அவன் கையில் ஒரு புதிய மின்வழங்கியின் விலைப்பட்டியல் இருந்தது.

“650 வாட் பத்தாது, சித்தி. 850 வாட் வாங்கினால் சரியாகிவிடும்.”

“யார் சொன்னார்கள்?”

“என் கூட்டாளி சொன்னான்.”

“சரி, கணினி என்ன சொல்கிறது?”

அவன் திரையை மறுபடியும் படித்தான். “கம்பியை இணைக்கச் சொல்கிறது. நான்தான் இணைத்துவிட்டேனே!”

நாங்கள் முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். அட்டைக்கு 220 வாட். செயலி கடினமாக உழைக்கும்போது ஏறத்தாழ 90 வாட். விசிறிகள், நினைவகம், சேமிப்பகம் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வாட் என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 370 வாட். வரைகலை அட்டை சில நேரங்களில் கண்ணிமைக்கும் பொழுதில் தன் அளவுக்குமேல் மின்சாரத்தை இழுக்கும். அதற்காகச் சற்றுக் கூடுதலாக இடம் விட வேண்டும் என்பது உண்மைதான். அப்படி இடம்விட்டுத்தான், அந்த அட்டையைச் செய்த நிறுவனமே 650 வாட் மின்வழங்கியைப் பரிந்துரைத்திருந்தது.

அதைவிட முக்கியமான தடயம், எச்சரிக்கை எப்போது வந்தது என்பது. கணினியை இயக்கிய முதல் சில நொடிகளில் வரைகலை அட்டை அதிகம் உழைப்பதில்லை. மின்வழங்கியின் திறன் போதாது என்றால், கணினி விளையாட்டின் நடுவில் திடீரென்று அணைந்து போகும் அல்லது மறுபடியும் தொடங்கும். உழைப்பே தொடங்காத நேரத்தில் வந்த எச்சரிக்கைக்குத் திறன் குறைவைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

பிறகு கணினியை நிறுத்தினோம். சுவரில் இருந்த விசையையும் அணைத்து, மின்கம்பியைக் கழற்றினோம். எட்டு ஊசிச் செருகி பெரும்பாலும் ஒரே துண்டாக வருவதில்லை. ஆறு ஊசிகள் ஒரு துண்டாகவும் இரண்டு ஊசிகள் ஒரு சிறு துண்டாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு செருக வேண்டும். மேலிருந்து பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. திறன்பேசியின் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோதுதான், ஒரு செருகியின் சிறு துண்டு மட்டும் நூலளவு பின்வாங்கி நின்றது தெரிந்தது. கழற்றி, இரு துண்டுகளையும் ஒன்றாக வைத்து அழுத்தினான். ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது. கணினியை இயக்கியதும் எச்சரிக்கை வரவில்லை. செலவு, ஒரு வெள்ளிகூட இல்லை. அவனுக்கு அதில் சிறிது ஏமாற்றம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பெரிய கோளாறு ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தவன் அவன்.

எல்லாக் கோளாறும் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடாது. கம்பியின் மறுமுனை மின்வழங்கியில் தளர்ந்திருக்கலாம். ஒரே கம்பியில் இரண்டு செருகிகள் தொங்கினால், அதை விட்டுவிட்டு இரண்டு தனிக் கம்பிகளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். செயலிக்குரிய செருகியும் எட்டு ஊசிகள் கொண்டதே. வெளுத்ததெல்லாம் பாலன்று என்பதுபோல், எட்டு ஊசிகள் இருப்பதெல்லாம் வரைகலை அட்டைக்குரியது அன்று. அதில் 12 வோல்ட் வரும் பக்கமும் தரையிணைப்புப் பக்கமும் இடம் மாறியிருக்கும். வலிந்து செருகினால் அட்டை பாழாகிவிடும். அதேபோல, ஒரு நிறுவனத்தின் மின்வழங்கிக்கு வேறொரு நிறுவனத்தின் கம்பியைப் போடவே கூடாது. மின்வழங்கியின் பக்கம் உள்ள ஊசிகளின் வரிசைக்குப் பொதுவான தரம் எதுவும் இல்லை. செருகி அழகாகப் பொருந்தும். உள்ளே 5 வோல்ட் போக வேண்டிய இடத்திற்கு 12 வோல்ட் போய்விடும்.

இவற்றை எல்லாம் சோதிக்கும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிக் கணினி ஓடிவிட்டால், எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. அறிவியல் பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துவது பற்றிப் படித்திருப்பீர்கள். இதுவும் அதுவேதான்.

இனி, எச்சரிக்கையை மறைக்கும் வழிக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். மின்வழங்கியில் எட்டு ஊசிக் கம்பி இல்லாதவர்களுக்காகச் சில வெள்ளி விலையில் மாற்றிக் கம்பிகள் விற்கப்படுகின்றன. அவற்றின் ஒரு முனை, சேமிப்பகத்திற்குரிய ‘சாட்டா’ செருகியில் இணையும். மறுமுனை, எட்டு ஊசிச் செருகியாக இருக்கும். வாங்கிப் பொருத்தினால் சிவப்பு விளக்கு உடனே அணைந்துவிடும். கோளாறு தீர்ந்தது போலத் தோன்றும்.

என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். சாட்டா செருகியில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஆனால், மறுமுனையில் உள்ள தகவல் கம்பியோ ‘எட்டு ஊசிச் செருகி வந்துவிட்டது, 150 வாட் எடுத்துக்கொள்’ என்று அட்டையிடம் சொல்கிறது. அட்டை அதை நம்பி இழுக்கிறது. 54 வாட் தாங்கும் இடத்தில் 150 வாட் ஓடினால் செருகி சூடேறும், பிளாஸ்டிக் உருகும். தீப்பற்றவும் கூடும். அந்த மாற்றிக் கம்பி அட்டையிடம் பொய்தான் சொல்லியிருக்கிறது. முதலில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு நேர்மையானது. அதை அணைக்க நாம் காசு கொடுத்துப் பொய்யை வாங்கினோம்.

இது மாணவர்களின் அனுபவக் குறைவால் மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்க வேண்டா. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற அட்டை விற்பனைக்கு வந்தது. அதில் பல செருகிகளுக்குப் பதிலாக, 16 ஊசிகள் கொண்ட ஒரே சிறிய செருகி இருந்தது. அந்தச் செருகி 600 வாட் வரை தாங்கும் என்று வகுக்கப்பட்டது. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர் மின்னோட்டம். நம் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலின் செருகியில் உள்ள உருகி 13 ஆம்பியர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் அளவே உள்ள அந்தச் செருகியில் ஆறு கம்பிகள் இந்த மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

சில வாரங்களிலேயே செருகிகள் உருகியதாகப் பல நாடுகளிலிருந்து செய்திகள் வந்தன. செருகி முழுமையாக உள்ளே போகாமல் இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. பயனீட்டாளர்மீது பழியைப் போடுவது எளிது. அடுத்து எழ வேண்டிய கேள்வி, பாதி செருகப்பட்ட நிலையில் அட்டை ஏன் எச்சரிக்காமல் ஓடியது என்பது. தகவல் சொல்லும் ஊசிகள், செருகி அரைகுறையாக இருந்தபோதே தொட்டுக்கொண்டன. அட்டைக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைத்துவிட்டது.

2023இல் அந்தச் செருகியின் தரம் திருத்தப்பட்டது. பொறியாளர்கள் தகவல் ஊசிகளின் நீளத்தைக் குறைத்தார்கள். மின்சாரம் செல்லும் ஊசிகளைச் சற்று நீட்டினார்கள். இதனால், செருகி முழுமையாக உள்ளே போனால்தான் தகவல் ஊசிகள் தொடும். அதுவரை அட்டை மின்சாரத்தை இழுக்காது. எச்சரிக்கை சீக்கிரமாக மறைவதற்கு வழி செய்யாமல், அது இன்னும் பிடிவாதமாக இருப்பதற்கு அவர்கள் வழி செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இத்தனைக்குப் பிறகும், 2025இல் வந்த புதிய அட்டைகளில் செருகி உருகியதாகச் சில செய்திகள் வெளிவந்தன. ஒரு திருத்தத்தோடு வேலை முடிந்துவிடவில்லை.

பெற்றோர் பலர் இதைப் படித்தால், “இதற்குத்தான் சொல்கிறோம், பிள்ளைகள் கை வைக்க வேண்டா, கடையில் கொடுத்துவிடலாம்” என்பார்கள். அவர்களுடைய அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மின்வழங்கியின் உலோகப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும். கருகிய வாடை வந்தாலோ, செருகி நிறம் மாறியிருந்தாலோ, உடனே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். இந்த எல்லைகளில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால், அந்த உலோகப் பெட்டிக்கு வெளியே இருப்பவை 12 வோல்ட்டும் அதற்குக் குறைந்தவையும்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரு செருகியைச் சரிபார்ப்பது, பதினான்கு வயதுப் பிள்ளையால் செய்ய முடியாத காரியம் அன்று. கடையில் கொடுத்தால் கணினி சரியாகித் திரும்பி வரும். எது கெட்டிருந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது வீட்டுக்கு வராது. நம் நாட்டில் 2014 முதல் நடந்துவரும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற சமூக முயற்சி எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். அங்குள்ள தொண்டூழியர்கள் பழுதான பொருளை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. கொண்டுவந்தவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவரோடு சேர்ந்து பழுதுபார்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னியல் கழிவு சேர்கிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. அதில் எத்தனை பொருள்கள் உண்மையிலேயே கெட்டவை, எத்தனை ஒரு கம்பி தளர்ந்ததால் தூக்கி எறியப்பட்டவை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. என் அக்கா மகன் அன்று 850 வாட் மின்வழங்கியை வாங்கியிருந்தால், புதிதாகப் பொருத்தும்போது கம்பியைச் சரியாகச் செருகியிருப்பான். கணினியும் ஓடியிருக்கும். ‘650 வாட் பத்தாது’ என்ற தவறான முடிவு அவன் மனத்தில் உறுதியாகியிருக்கும். நல்ல மின்வழங்கி ஒன்று கழிவுத் தொட்டிக்குப் போயிருக்கும். வீணாகும் பணத்தைவிட, இப்படிப் பொய்யான காரணம் மெய்யாகிப்போவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அடுத்த நண்பனுக்கும் அவன் அதையே சொல்லியிருப்பான்.

கணினிப் பழுதுக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது. “கம்ப்யூட்டர் ஓடவில்லை” என்று ஒருவர் சொன்னால், யாராலும் உதவ முடியாது. “இயக்கிய ஐந்து நொடியில் எச்சரிக்கை வருகிறது, ஒவ்வொரு முறையும் வருகிறது, அட்டையை மாற்றிய பிறகுதான் வருகிறது” என்று சொன்னால், பாதிக் கோளாறு அப்போதே பிடிபட்டுவிடும். திருப்புளியை எடுப்பதற்கு முன்பு நமக்குத் தேவைப்படும் கருவி, தெளிவான ஒரு வாக்கியம். நம் மொழியில் இந்த வேலைக்கு இருக்கும் சொல்லையே பாருங்கள். பழுது நீக்குதல் என்று நாம் அதிகம் சொல்வதில்லை. பழுது ‘பார்த்தல்’ என்கிறோம்.

பள்ளிகளில் இதற்கு இடம் ஒதுக்கலாம் என்பது என் பரிந்துரை. தொடக்கத்தில் ஒரு பழைய கணினியே போதும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலோ, இணைப்பாட நடவடிக்கையிலோ, ஆசிரியர் அதில் ஒரு சிறு கோளாற்றை வேண்டுமென்றே வைக்கட்டும். ஒரு செருகியைத் தளர்த்தலாம். நினைவகத்தைச் சற்று மேலே தூக்கி வைக்கலாம். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து அதைத் தேடட்டும். எதைச் சந்தேகித்தோம், ஏன் சந்தேகித்தோம், எதை மாற்றினோம், என்ன நடந்தது என்று ஒவ்வொரு படியையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைக்கட்டும். கோளாற்றைக் கண்டுபிடிக்காத குழுவுக்கும், அந்தக் குறிப்பேடு ஒழுங்காக இருந்தால் மதிப்பெண் தர வேண்டும். மின்வழங்கியின் திருகாணிகள்மீது மட்டும் ஆசிரியர் முன்கூட்டியே ஒரு தாளை ஒட்டி, கையெழுத்திட்டு வைத்துவிடலாம்.